வாப்பா இருக்கும் ஊர்

எங்கள் வீட்டில் ஒரு எண்பது பக்கக் கொப்பி இருக்கிறது. அதன் அட்டையில் ‘ஸலாலா’ என்று தமிழிலும் அரபியிலும் எழுதியிருக்கிறேன். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது, இந்தப் பிள்ளை பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாளே என்று இதைப் படிக்கும் ஆசிரியைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். புவியியல் கொப்பியை மூடிய பிறகுதான் இதைத் திறக்கிறேன். சில நாட்கள் இரண்டும் ஒன்றாகவே திறந்திருக்கும். அதற்கும் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

ஸலாலா என்பது ஓமான் நாட்டின் தெற்குக் கரையில் உள்ள நகரம். தலைநகர் மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீற்றர். பஸ்ஸில் போனால் பன்னிரண்டு மணித்தியாலம் பாலைவனத்தினூடாகப் போக வேண்டும். டுபாயைப்போல வானைத் தொடும் கட்டடங்கள் அங்கு இல்லை. அங்குதான் என் வாப்பா ஒன்பது வருடங்களாகத் தையல் கடையொன்றில் வேலை செய்கிறார்.

வாப்பா முன்பு மருதமுனையில் கைத்தறி நெய்தவர். நூல் விலை ஏறி, தறி சும்மா கிடந்த காலத்தில் மாமாவின் கடையில் தையல் பழகிக்கொண்டு பயணம் போனார். அங்கு ஓமான்காரர் உடுக்கும் திஷ்தாஷா என்ற நீளச் சட்டையைத் தைக்கிறார். அந்தச் சட்டையின் கழுத்தில் ஒரு சின்ன நூல் குஞ்சம் தொங்கும். அதில் அத்தர் தடவிக்கொள்வார்களாம். குஞ்சம் கோணலாக இருந்தால் சட்டையையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று வாப்பா சொல்வார். நெசவுக்காரன் கைக்கு நூல் ஒரு விசயமில்லை என்று அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். கடைசியாக வந்து நாலு வருடமாகிறது. 2022இல் நாட்டில் எல்லா விலையும் ஏறியபோது, லீவில் வரும் காசை வீட்டுக் கடனுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் உம்மம்மாவின் கண் ஒப்பரேசன் வந்தது. அதற்கடுத்த வருடம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருக்கப் பழகிவிட்டோம். தம்பிக்கு இப்போது எட்டு வயது. அவனுக்கு வாப்பா என்றால் போனுக்குள் இருக்கும் ஒரு முகம், அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரைச்சீலை.

இந்தப் பயணப் பேச்சைத் தொடங்கியது நாங்களல்ல. வாப்பாவின் கபீல் வயதான மனிதர். ஒருநாள் கடைக்கு வந்து, “ஒன்பது வருசமா இருக்கிறாய், உன் பிள்ளைகளை ஒரு தடவையாவது இங்கே கூட்டி வா, விசாவுக்கு நான் உதவுகிறேன்” என்றாராம். வாப்பா அதை ஒரு பகிடிபோலச் சிரித்துக்கொண்டு சொன்னார். உம்மா சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு அலுமாரியைத் திறந்து சீட்டுக் கணக்கு எழுதிய துண்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக் கூரை போட என்று பிடித்த சீட்டு அது. அடுத்த நாள் கடையில் கொப்பியை வாங்கினேன்.

கொப்பியின் முதல் பக்கங்களை இப்போது பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. சுற்றுலாப் பயணி எழுதுவதுபோல எழுதியிருக்கிறேன். முக்ஸைல் கடற்கரையில் பாறைத் துவாரங்களினூடாகக் கடல் நீர் பீறிட்டு எழும்புமாம். தர்பாத் பள்ளத்தாக்கில் அருவி. வாதி தவ்காவில் லுபான் மரங்கள். வாப்பா யாரிடமாவது கொடுத்தனுப்பும் லுபானைத்தான் வெள்ளி இரவுகளில் உம்மம்மா கரியில் போடுவார். நாங்கள் அதையும் சாம்பிராணி என்றே சொல்வோம். மரத்தின் பட்டையைச் சீவிவிட, பால்போல வடிந்து காய்ந்து கட்டியாவதுதான் அது என்பதைக் கொப்பிக்காகத் தேடியபோதுதான் அறிந்தேன். அந்த மரங்களும் பழைய துறைமுக நகரமான அல்பலீதின் இடிபாடுகளும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

அல்பலீத் பற்றித் தேடும்போது இப்னு பதூதா வந்து நின்றார். அவர் 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியதை நாங்கள் சின்ன வகுப்பிலிருந்தே படிக்கிறோம். அவர் அதற்கு முன்பே ஸலாலாவைப் பார்த்தவர் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அதன் பெயர் ழுபார். தென்னையும் வெற்றிலையும் இந்தியாவை விட்டால் இந்த ஊரில்தான் உண்டு என்று வியந்து எழுதியிருக்கிறார். கால்நடைகளுக்குத் தீனியாக மத்தி மீனைப் போடுகிறார்கள் என்றும், சந்தையில் ஈ மொய்க்கிறது என்றும் எழுதியிருக்கிறார். வாப்பாவிடம் ஈயைப் பற்றிக் கேட்டேன். “இப்ப நல்ல துப்பரவு மகள், அவர் வந்து எழுநூறு வருசமாகுதே” என்று சிரித்தார்.

ஆனால் வாப்பா எங்கள் பயணத்தை விரும்பவில்லை. அதை அவர் நேரடியாகச் சொல்லவுமில்லை.

முதலில், “மஸ்கட்டுக்கு வாங்க, நான் அங்க வாறன். ஒரு கிழமை இருந்திட்டுப் போகலாம்” என்றார். பிறகு, “டுபாய்க்குப் போனா புள்ளைகளுக்குப் பார்க்க எவ்வளவோ இரிக்கி” என்றார். ஸலாலாவைப் பற்றிக் கேட்டால், “இங்க என்ன மகள் இரிக்கி, தென்ன மரம்தானே. நம்மட ஊர்லயும் இரிக்கி” என்பார். கரீஃப் காலத்தில் வரலாமா என்று கேட்டதற்கு அறை வாடகை கூடும் என்றார்.

கரீஃப் என்று அங்கு சொல்வது ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் கடைசி வரையிலான மழைக்காலத்தை. அரபு நாடு என்றால் மணலும் வெயிலும்தான் என்று நினைக்கும் நமக்கு இது நம்ப முடியாத விசயம். அந்த மாதங்களில் மஸ்கட்டில் 40 பாகைக்கு மேல் கொதிக்கும்போது ஸலாலாவில் 25 பாகை அளவில் குளிராக இருக்கும். தூறல், பனிமூட்டம், மலையெல்லாம் பச்சை. வளைகுடா நாடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மழையைப் பார்க்கவென்றே வருவார்களாம்.

இந்த இடத்தில்தான் புவியியல் கொப்பி திறந்துகொள்கிறது. அந்த மழையைக் கொண்டுபோவது தென்மேல் பருவக்காற்று. அது அரபிக் கரையை உரசிக்கொண்டு வீசும்போது ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன் மேல் தங்கும் ஈரக்காற்று குளிர்ந்து, மலையில் மோதி மூடுபனியாகிறது. அதே பருவக்காற்றுத்தான் இலங்கையின் மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்குகிறது. நாங்கள் அதைக் கச்சான் என்கிறோம். இதை எழுதும் இந்த ஆடி மாதப் பகலில் கச்சான் காற்று முற்றத்து மணலை அள்ளி உம்மா காயப்போட்ட உடுப்பில் போடுகிறது. வாப்பாவோ அங்கு தூறலில் நனைந்துகொண்டு கடை திறக்கிறார். பாடத்தில் படித்ததை வாப்பாவுக்கு வொய்ஸ் அனுப்பினேன். “அப்ப ஒரே காத்தா மகள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

வாப்பா சொன்ன காரணம் பொய்யல்ல. கரீஃப் காலத்தில் வாடகை உண்மையிலேயே கூடும். எனக்கும் பரீட்சை இருக்கிறது. அதனால் பரீட்சை முடிந்து டிசம்பரில் போவதென்று கொப்பியில் திருத்தினேன். அப்போது மலை காய்ந்திருக்கும். கடல் அமைதியாக இருப்பதால் முக்ஸைல் துவாரங்களில் தண்ணீரும் பெரிதாக எழும்பாது. தம்பிக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் டிசம்பர் என்று சொன்னதும் வாப்பா வேறு காரணம் தேடினார். அப்போதுதான் எனக்கு ஏதோ புரியத் தொடங்கியது.

இடையில் சொந்தக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய மாமி, “அந்தக் காசுக்கு உம்ராவுக்குப் போகலாமே, தென்ன மரம் பார்க்கவா இவ்வளவு செலவு?” என்றார். அது மனதைத் தைத்தது, ஏனென்றால் மறுபேச்சு என்னிடம் இல்லை. காசைக் கணக்குப் பார்த்தால் மாமி சொல்வது சரி. ஒரு ரியால் என்றால் நம் காசில் 750 ரூபாவுக்கு மேல். மூன்று பேரின் டிக்கட்டை எழுதிக் கூட்டிப் பார்த்தபோது பென்சிலை வைத்துவிட்டேன். உம்மம்மா மூலையில் இருந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தவர், மாமியைப் பார்க்காமலே சொன்னார்: “மக்கா எங்கயும் ஓடிப் போகா. போகக் கிடைச்சா எல்லாரும் போவம். இந்தச் சின்னவனுக்கு வாப்பாட கையப் புடிச்சு நடக்கிற வயசு போயிரும் புள்ள.” மாமி தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். கோபம் ஒரு கிழமை இருந்தது, பிறகு அவரே டிக்கட் மலிவாக எடுக்கும் ஒருவரின் இலக்கத்தைக் கொண்டுவந்து தந்தார். எங்கள் மாமி அப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை தம்பி போனில் பேசிக்கொண்டிருந்தான். நம்மை விட அங்கு நேரம் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. வாப்பா ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டு ஓய்வாக இருந்தார். வழக்கம்போல பின்னால் பச்சைத் திரை. “வாப்பா, அந்தச் சீலைக்குப் பின்னால என்ன?” என்று தம்பி கேட்டான். “சுவர் மகன்” என்றார் வாப்பா. அந்த நேரம் பார்த்து, அந்தச் சுவர் இருமியது. யாரோ ஒரு ஆண் பலமாக இருமினார், பிறகு மலையாளத்தில் ஏதோ சொன்னார். வாப்பா போனைத் திருப்பிக்கொண்டு எழும்பி வெளியே போனார். தம்பி சிரித்தான். நானும் உம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அன்றிரவு நான் வாப்பாவுக்கு எழுதினேன். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதினேன். “வாப்பா, நாங்க ஊர் பார்க்க வரல்ல. நீங்க எங்க படுக்கிறீங்க, எங்க சாப்பிடுறீங்க, எந்தப் பள்ளியில தொழுறீங்க என்று பார்க்கத்தான் வாறம். எங்களுக்குக் காட்ட வெக்கப்படாதீங்க. எனக்கு இப்ப பதினேழு வயசு.” அனுப்பியவுடன் பயம் வந்துவிட்டது. அப்படியொரு சொல்லை வாப்பாவிடம் சொல்லலாமா? நீலச் சரி இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உம்மாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். “எழுதினது எழுதினதுதானே” என்றுவிட்டு அரிசி புடைக்கப் போனார்.

மூன்றாம் நாள் இரவு வீடியோ அழைப்பு வந்தது. வாப்பா சலாம் சொன்னார். பிறகு ஒன்றும் பேசாமல் பச்சைத் திரையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார்.

ஒரு அறை. மூன்று இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றும் இரண்டு தட்டு. ஆறு பேர். ஒவ்வொரு தட்டையும் சுற்றி ஒரு சீலை கட்டியிருந்தது, ஒன்று பூப்போட்டது, ஒன்று பழைய படுக்கை விரிப்பு. அந்தச் சீலைக்குள் இருப்பதுதான் ஒவ்வொருவரின் வீடு. கட்டிலுக்குக் கீழே வாப்பாவின் பெட்டி. அவர் கடைசியாக ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டி, கயிறு அவிழ்க்காமல் இருந்தது. சுவரில் ஆணியில் சாரன். தலைமாட்டில் ஒரு படம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தியடைந்தபோது பாடசாலையில் எடுத்த என் படம். வாப்பா போனை மெதுவாகச் சுற்றிக் காட்டினார். இருமிய மனிதர் ஒரு கேரளாக்காரக் காக்கா. மேல்தட்டில் இருந்து கையை ஆட்டி எங்களுக்கு சலாம் சொன்னார்.

உம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “நீங்க படுக்கிறது மேலயா, கீழயா?”

“கீழதான்.”

“அது நல்லம். முழங்கால் நோவுக்கு ஏறி இறங்க ஏலா.”

அவ்வளவுதான் அதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு உம்மம்மாவின் மருந்து, கரண்ட் பில் என்று வழக்கமான பேச்சு நடந்தது. நான் அறைக்குப் போய்க் கொப்பியின் முதல் ஒன்பது பக்கங்களையும் ஒரு கோடு போட்டு வெட்டினேன். கிழிக்கவில்லை. தம்பி முக்ஸைல் பக்கத்தில் ஒரு கப்பல் வரைந்திருந்தான்.

அதற்குப் பிறகு திட்டம் போடுவது எளிதாகிவிட்டது. டிசம்பரில் கூட்டம் குறைவு, அதனால் குசினியுள்ள சிறிய வீடொன்றைப் பத்து நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்று அந்தக் கேரளாக் காக்காதான் விசாரித்துச் சொன்னார். வாப்பாவுக்கு வெள்ளிக்கிழமைகளோடு சேர்த்து மூன்று நாள்தான் லீவு. மற்ற நாட்களில் அவர் கடைக்குப் போவார். நானும் ஒருநாள் போய் இருந்து அந்தக் குஞ்சம் எப்படிக் கட்டுகிறார் என்று பார்க்கப்போகிறேன். உம்மா பத்து நாளும் சமைப்பாராம், அந்த ஆறு பேருக்கும். அதற்காக மாசிக் கருவாடும் கொச்சிக்காய்த் தூளும் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் பெரிய விவாதம். உம்மா கேட்ட ஒரே இடம், மலை மேல் உள்ள ஐயூப் நபியின் அடக்கஸ்தலம் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் இடம். வேறு நாடுகளிலும் அப்படிச் சொல்கிறார்களே என்றேன். “இருக்கட்டும், நான் ஒரு ஸலவாத்துச் சொல்லிட்டு வாறன்” என்றார்.

உம்மம்மா வரமாட்டார். சாச்சி வீட்டில் நிற்பார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அங்க கடல் வீட்டுக்குக் கிட்டவா?” 2004 மார்கழிக்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போனதில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடல் அறுநூறு மீற்றர். அவருடைய இளைய மகள், நான் பார்த்திராத என் சாச்சி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரையோரம் இருந்த தோழியின் வீட்டுக்குப் போனவர். நான் வாப்பாவிடம் கேட்டு, அறை கடலுக்குத் தூரம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கொப்பிக்காகப் படித்த இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். அன்றைய அலை இந்து சமுத்திரத்தைக் கடந்து ஸலாலாத் துறைமுகத்துக்கும் போயிருக்கிறது. அங்கு கட்டி வைத்திருந்த பெரிய கொள்கலன் கப்பலொன்று கயிறறுந்து சுழன்றிருக்கிறது.

உம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அங்க ஆக்களுக்கு ஒண்டும் இல்லயே?” என்றார். துறைமுகம்தான், வீடுகளுக்குள் நம்மைப்போல வரவில்லை என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றுவிட்டு, “அப்ப அதுவும் இதே கடல்தான்” என்றார். பிறகு தன் பெட்டியைத் திறந்து புதுச் சாரன் ஒன்றை எடுத்துத் தந்தார். வாப்பாவே முன்பு நெய்தது, நீலக் கட்டம். இத்தனை வருடமாக ஏன் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

இன்னும் விசா வரவில்லை. டிக்கட்டும் எடுக்கவில்லை. எனக்குப் பரீட்சையும் இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் இலக்கணம் பயமாக இருக்கிறது. நாளை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறோம், கடவுச்சீட்டுக்குக் கொடுக்க. தம்பி படம் எடுக்கும்போது சிரித்துவிட்டதால் ஸ்டூடியோவில் மூன்று தரம் எடுத்தார்கள். உம்மா வழிக்குப் புட்டும் பொரித்த மீனும் கட்ட வேண்டும் என்று இப்போதே தேங்காய் திருவி வைக்கிறார். வாப்பா இன்று பேசியபோது பச்சைத் திரை ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. கேரளாக் காக்கா எங்கள் தம்பியிடம், வரும்போது இலங்கைத் தேயிலை ஒரு பைக்கட் கொண்டுவரச் சொன்னார். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.